ஆவூருக்கு நடந்தவர்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தின் வடமேற்கே, விராலிமலை வட்டாரத்தைச் சேர்ந்த ஆவூர், ஏரிநீரையும் வானத்தையும் நம்பிப் பயிர்செய்யும் பூமி. ஆறு இல்லை, கடல் இல்லை, பெருவணிகப் பாதையும் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் அன்னை மரியாவின் பெயரால் பெரியதோர் ஆலயம் ஓங்கி நிற்பதைக் காண்பவர், இத்தனை பெரிய கோயிலை இங்கே எழுப்பியது யார், யாருக்காக என்று கேளாமல் இருக்க முடியாது.

ஆவூரின் பழைய கோயில் 1547இல் பூசே அடிகளாரால் கட்டப்பட்டது என்று சுற்றுலா அறிவிப்புகள் சிலவற்றில் காணப்படுகிறது. இது பொருந்தாது. பூசே பிரான்சு நாட்டில் பிறந்ததே 1655இல்தான். 1697 என்பதே சரியான ஆண்டு. ஆண்டுக் கணக்கில் நூற்றைம்பது ஆண்டுகள் முன்பின்னாகிவிட்டால் ஆவூரின் பொருளே மாறிவிடும். ஏனெனில் ஆவூர் எழுந்த கதை, அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் சிந்தப்பட்ட ஓர் இரத்தத்தோடு பிணைந்தது. அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

புதுக்கோட்டை அரசின் வரலாற்றில் 1686ஆம் ஆண்டுக்குத் தனி இடமுண்டு. இராமநாதபுரத்தின் கிழவன் சேதுபதி, தம் மனைவி காதலி நாச்சியாரின் உடன்பிறந்தாரான ரகுநாத ராயத் தொண்டைமானைப் புதுக்கோட்டைப் பகுதிக்குத் தலைவராக்கியது அந்த ஆண்டை ஒட்டியே என்பர். ஓர் அரசு உறவின் வழியாகப் பிறந்தது. அதே 1686இல், அதே சேதுபதியின் சீமையில், போர்த்துக்கீசிய நாட்டு இயேசு சபைக் குருவான அருளானந்தர் தம் உபதேசியார்களோடு பிடிபட்டுக் கொடிய வதைகளுக்கு உள்ளானார். அம்முறை சேதுபதி அவரை நேரில் வரவழைத்து விசாரித்து, இச்சீமையில் இனிப் போதிக்கலாகாது என்று எச்சரித்து விடுவித்தார்.

அருளானந்தர் 1647இல் லிஸ்பன் நகரில் பிறந்த ஜான் தெ பிரிட்டோ. அரண்மனையில் வளர்ந்தவர், பின்னாளில் மன்னரான இரண்டாம் பேதுருவோடு இளமையில் விளையாடியவர். 1686இன் வதைகளுக்குப் பின் சபையின் அலுவலாக ஐரோப்பா சென்றபோது, மன்னர் தம் மகனுக்கு ஆசானாக அங்கேயே தங்கும்படி வேண்டினார். அவரோ 1690இல் மீண்டும் இந்திய மண்ணை மிதித்தார். ஏன் திரும்பினார்? மறைசாட்சியாக வேண்டும் என்னும் வேட்கை ஒன்றையே காரணமாகச் சொல்வது நம் வழக்கம். அதை மறுக்கவில்லை. ஆயினும், தம்மோடு சேர்ந்து அடிபட்ட உபதேசியார்களை இங்கே விட்டுச் சென்றிருந்தார் என்பதையும் நினைக்க வேண்டும். ஒருங்கே வதைபட்டவர்களிடையே உண்டாகும் உறவு, அரண்மனைத் தோழமையைவிட இறுக்கமானது.

1693ஆம் ஆண்டு பெப்ருவரி 4ஆம் நாள் ஓரியூரில் அவர் தலை வெட்டுண்டது. முந்திய நாள் சிறையிலிருந்து லாய்னெஸ் அடிகளாருக்கு அவர் எழுதிய மடல் நமக்குக் கிடைத்துள்ளது. மையும் எழுதுகோலும் இல்லாமையால் கரியை நீரில் குழைத்து, வைக்கோல் துரும்பால் எழுதினார். அம்மடலில் புலம்பல் இல்லை. தமக்கு நேர்வதை அவர் மகிழ்வோடு எதிர்நோக்குகிறார். திருத்தூதர் பவுல் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதிய திருமுகம் நினைவுக்கு வருகிறது. விவிலியத்தில் மகிழ்ச்சி என்னும் சொல் அடர்ந்து வரும் சிறுநூல்களுள் அதுவும் ஒன்று. அங்கும் மகிழ்ச்சிக்குக் காரணம் எழுதுபவரின் நிலையன்று. யாருக்கு எழுதுகிறாரோ அந்த மக்கள்தாம் அவருடைய மகிழ்ச்சி.

இங்கே ஒன்றைக் கடந்து போக மனம் வரவில்லை. அருளானந்தரின் மரணத்துக்கு உடனடிக் காரணமாக அமைந்தது தடியத்தேவரின் மனமாற்றம். நோய் நீங்கிய அவர் 1693 சனவரியில், மூன்று அரசர் திருநாளன்று திருமுழுக்குப் பெற்றார். திருச்சபையின் ஒழுங்குப்படி ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்றையோரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் கடலாயி என்பவள் சேதுபதியின் உறவினள். அவள் அழுது முறையிட்டதே வழக்காக மூண்டது. அவளை ஏரோதியாளோடு ஒப்பிட்டு நம் மரபு பழகிவிட்டது. ஒருநாளில் வீடிழந்த ஒரு பெண்ணின் துயரம் அந்த ஒப்புமையில் காணாமற் போகிறது. ஒருவர் அடைந்த நம்பிக்கையின் மகிழ்ச்சி, இன்னொருவருக்கு உறவு முறிவாக வந்து சேர்ந்தது. அவளுக்கு நீதி செய்ய அன்று எவருக்கும் வழி தெரிந்ததாகத் தோன்றவில்லை. மறைசாட்சியைப் போற்றும்போது இதையும் மறவாதிருப்பது அவருடைய புகழைக் குறைத்துவிடாது.

ஓரியூருக்குப் பின் மறவர் சீமையில் குருக்கள் வெளிப்படையாகத் தங்குவது அரிதாயிற்று. இந்நிலையில்தான் வெனான்சியுஸ் பூசே ஆவூரில் குடியேறுகிறார். அவர் முதலில் தமிழகத்துக்காக அனுப்பப்பட்டவரல்லர். சயாம் நாட்டில் பணியாற்ற வந்தவர். 1688இல் அங்கே நேர்ந்த ஆட்சி மாற்றத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வெளியேற்றப்பட, இந்தியாவுக்கு வந்து மதுரை மறைபரப்புத் தளத்தில் சேர்ந்தார். வந்த இடத்தையே சொந்த இடமாக்கிக்கொண்டார். மக்கள் அவரைப் பெரிய சஞ்சீவிநாதர் என்று அழைத்தனர். காவி உடுத்து, புலால் தவிர்த்து வாழும் பண்டாரசாமி முறையை அவரும் மேற்கொண்டார்.

1700ஆம் ஆண்டின் இறுதியில் அவர் எழுதிய மடலொன்றில் தம் பொறுப்பில் முப்பது சிறு கோயில்களும், ஏறத்தாழ 30,000 கிறிஸ்தவர்களும் இருப்பதாகக் குறிப்பிடுகிறார். ஐந்தாண்டுகளில் திருமுழுக்குப் பெற்றோர் 11,000க்கு மேல் என்கிறார். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பாவசங்கீர்த்தனங்களைக் கேட்டிருக்கலாம் என்றும் கணக்கிடுகிறார். மறைபரப்பாளர் எண்ணிக்கைகளில் ஆர்வம் சற்று மிகையாகவே கலந்திருக்கும் என்று வரலாற்றாசிரியர் எவரும் ஐயுறலாம். பாதியாகக் குறைத்தே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி எழுகிறது.

முப்பது கோயில்கள், ஒரு குரு. மழைக்காலம், காய்ச்சல், பாளையப் போர்கள், ஆவூரில் தங்க வேண்டிய பெருவிழா நாள்கள் ஆகியவற்றைக் கழித்துவிட்டால், ஒவ்வொரு ஊருக்கும் ஆண்டில் ஒரு வாரம் கிடைத்திருந்தாலே மிகுதி. மற்ற ஐம்பத்தொரு வாரங்கள் அந்த ஊர் எதைக்கொண்டு கிறிஸ்தவ ஊராக இருந்தது? ஞாயிறன்று செபம் சொல்ல ஓர் உபதேசியார். இறக்கும் தறுவாயிலிருப்பவரின் அருகில் அமர்ந்து மந்திரங்கள் சொல்ல ஓர் அயல்வீட்டுப் பெண். பெற்றோர் இறந்தால் பிள்ளைக்குப் பொறுப்பேற்க ஞானத்தந்தை, ஞானத்தாய். அடக்கத்துக்குத் தோள் கொடுக்க நான்கு பேர். புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர் பலருக்குச் சொந்தக் குடும்பத்தில் இவை கிடையாமற் போயின. பொங்கலுக்கு அழைப்பு நின்றது; பெண் கொடுப்பதும் எடுப்பதும் நின்றது. அவர்களுக்கு ஞானப்பெற்றோர் என்னும் உறவு சடங்கின் சொல்லாக மட்டும் இருந்திருக்க முடியாது.

குருவின் மடல்களைக்கொண்டு எழுதப்படும் வரலாறு குருவையே நடுவில் வைக்கும், அது இயல்பு. ஆனால் அவர் ஊரில் இல்லாத நாள்களில் நடந்ததே திருச்சபையின் பெரும்பகுதி என்பதை அவருடைய எண்களே நமக்குச் சொல்லிவிடுகின்றன.

பெருவிழாக்களுக்கு இம்மக்கள் ஆவூருக்கு நடந்து வந்தார்கள். பீட்டர் மார்ட்டின் அடிகளார் 1700 டிசம்பரில் ஆவூரிலிருந்தே மடல் எழுதியிருக்கிறார். அந்நாளிலேயே ஆவூர் அப்பகுதியின் நடுவிடமாகிவிட்டது. கட்டுச்சோறும் கைக்குழந்தையுமாகப் பல நாள்வழி நடந்து வருகிறவர்களுக்கு ஆவூரில் கிடைத்தது என்ன? திருப்பலியும் பாவமன்னிப்பும் முதன்மையானவை. அவற்றோடு இன்னொன்றும் உண்டு. தன் ஊரில் பத்து வீட்டுச் சிறுபான்மையாகக் குன்றி நிற்பவன், இங்கே ஒரு மக்களினத்தின் நடுவே நிற்கிறான். யாரும் அவனை விநோதமாகப் பார்க்கவில்லை. தன் பிள்ளைக்கு வரன் பார்க்கலாம். பழைய மனத்தாங்கலைத் தீர்த்துக்கொள்ளலாம். போன ஆண்டு வந்த கிழவி இந்த ஆண்டு ஏன் வரவில்லை என்று விசாரித்து, அவளுக்காக ஒரு செபம் சொல்லலாம். திருவிழா மகிழ்ச்சியைப் பக்தியின் குறைபாடாக எண்ணும் கடுமை நம்மில் சிலருக்கு உண்டு. நடந்த தொலைவை எண்ணிப் பார்த்தால் அந்தக் கடுமை தங்காது.

இவ்வளவு கூட்டம் கூடினால் பகையும் கூடத்தானே செய்யும். கோயிலை இடித்துவிடச் சிலர் முனைகின்றனர் என்றறிந்த பூசே, திருச்சிராப்பள்ளியில் அரசாண்ட ராணி மங்கம்மாளின் அவையை நாடினார். 1689 முதல் 1706 வரை பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பை நடத்திய அந்த அம்மையாரின் தளவாய் நரசப்பய்யா. அவருக்குப் பூசே கொண்டு சென்ற காணிக்கைகளின் பட்டியல் சுவையானது: தமிழில் பெயர்கள் எழுதிய பெரிய பூகோள உருண்டை, கண்ணாடிக் கோளம், சூரிய ஒளியைக் குவித்து நெருப்புண்டாக்கும் ஆடிகள், சிப்பிகளால் செய்த சேவல், சீனத்து விநோதப் பொருள்கள். துறவி ஒருவர் இத்தனை பொம்மைகளோடு அரண்மனை வாயிலில் நின்ற காட்சியை எண்ணினால் முறுவல் வருகிறது. தளவாய் அவரை அன்போடு ஏற்றார். பல்லக்கில் ஏற்றி நகரில் ஊர்வலமாகவும் அனுப்பினார். ஆவூருக்கு அரசின் பாதுகாப்புக் கிடைத்தது. மங்கம்மாள் தம் சமயத்தில் ஊன்றி நின்றவர். சத்திரங்களும் சாலைகளும் அவர் பெயரை இன்றும் சொல்லும். தம் குடிகளுள் ஒரு சாரார் வேறு முறையில் வழிபடுவதால் அவருக்கு அச்சம் ஏற்படவில்லை. ஆவூர்க் கிறிஸ்தவர்களின் மகிழ்ச்சிக்கு அந்த இந்து அரசியாரும் அவருடைய அமைச்சரும் காவலாய் நின்றார்கள் என்பது நம் மறைக்கல்விப் பாடங்களில் இன்னும் சற்று உரக்கச் சொல்லப்படலாம்.

இனிச் சொல்வது இவ்வளவு இனிமையானதன்று.

உறவே ஆவூரின் வலிமை என்றேன். அந்த உறவு யாரை எட்டியது, யாரிடம் நின்றுவிட்டது? மதுரைத் தளத்தில் சாதிப் பிரிவினை கோயிலுக்குள்ளும் நுழைந்திருந்தது. பிராமணருக்கென்று சந்நியாசிக் குருக்கள், மற்றையோருக்குப் பண்டாரசாமிகள் என்று குருக்களே இருவகையாகப் பிரிந்து வாழ்ந்தனர். பறையர் குல நோயாளியின் குடிசைக்குள் நுழைந்து அவருக்கு இறுதி அருள்சாதனம் வழங்கக் குருக்கள் தயங்கினர். நுழைந்தால் மற்றச் சாதியார் தம்மை விட்டு விலகுவர், திருச்சபை சிதறும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். 1703இல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன், இந்தத் தயக்கத்தையும் வேறு பல உள்நாட்டு வழக்கங்களையும் தடைசெய்து ஆணையிட்டார். அந்த ஆணையை மாற்றக் கோரி உரோமைக்குப் பயணமானவர்கள் இருவர். ஒருவர் அருளானந்தரின் மடலைப் பெற்ற அதே லாய்னெஸ். மற்றவர் ஆவூரின் பூசே.

இந்த இடத்தில் வரலாறு நம்மைச் சங்கடப்படுத்துகிறது. தாலி, குங்குமம், குளியல் போன்றவற்றில் தூர்னோன் காட்டிய கடுமை தமிழ் வாழ்வை அறியாத கடுமை. அதை எதிர்த்தது சரியே. ஆனால் சாகும் மனிதனின் குடிசைக்குள் நுழைவது பற்றிய கேள்வி வேறு. முப்பது ஊர்களை நேசித்த மனிதர், அவற்றின் ஓரத்துக் குடிசைகளின் வாசலில் நின்றுவிட்டார். அவருடைய காலத்தைக் காட்டி அவரை விளக்கலாம். குடிசைக்குள் கிடந்தவரும் அதே காலத்தில்தான் வாழ்ந்தார். அவருக்கு அந்த விளக்கம் எந்த ஆறுதலையும் தந்திராது. சிக்கல் நாற்பது ஆண்டுகள் நீடித்தது. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் தம் ஆணை மடலால் அதை முடித்துவைத்தபோதும், ஒடுக்கப்பட்டோருக்கெனத் தனிக் குருக்கள் ஒதுக்கப்பட்டார்களே அல்லாமல், எல்லாரும் ஒரே குருவின் கையில் பெறும் நிலை உடனே வந்துவிடவில்லை.

அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1747இல், ஆவூரில் இன்று நாம் காணும் பெரிய கோயில் எழுந்தது. இவ்வூரில் வீரமாமுனிவரும் பணியாற்றியதாக மரபு உண்டு. அவர் மறைந்ததும் அதே 1747இல், அருளானந்தரின் நினைவுநாளான பெப்ருவரி 4 அன்று, கேரளத்து அம்பழக்காட்டில்.

புதிய கோயிலின் நல்ல காலம் நீடிக்கவில்லை. 1759இல் போர்த்துக்கல் இயேசு சபையைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து விரட்டியது. 1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் சபையையே கலைத்தார். மூத்த குருக்கள் ஒவ்வொருவராக இறந்தனர். அவர்கள் இடத்துக்கு எவரும் வரவில்லை. கோவாவிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த சில குருக்கள் பரந்த நிலப்பரப்பைத் தம்மால் இயன்றவரை சுற்றி வந்தனர். இதற்கிடையே கருநாடகப் போர்களும், 1780 தொடங்கி ஐதர் அலியின் படையெடுப்பும் தென்னாட்டைக் கலக்கின. நான்கு பிரெஞ்சு இயேசு சபையினர் பெர்த்ராந்து அடிகளார் தலைமையில் மீண்டும் மதுரைத் தளத்துக்கு வந்தது 1837இல்தான். 1773இலிருந்து எண்ணினால் அறுபத்து நான்கு ஆண்டுகள். திருமுழுக்கின்போது கையிலேந்திய குழந்தை பேரன் பேத்தி எடுக்கும் காலம்.

வந்தவர்கள் வெறுங்காட்டைக் காணவில்லை. சண்டையிட்டுக்கொண்டு, குறைபட்டுக்கொண்டு, சிலர் விலகியும் போய்விட்ட நிலையில், ஆனாலும் இன்னும் கிறிஸ்தவர்களாகவே இருந்த மக்களைக் கண்டார்கள். முன்னே கேட்ட ஐம்பத்தொரு வாரக் கேள்வி இங்கே அறுபத்து நான்கு ஆண்டுக் கேள்வியாகிறது. மறையுரை நூல்களால் மட்டும் இது நிகழ்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே. பாட்டி சொல்லிக் கொடுத்த செபம் பேத்தியிடம் போயிற்று. உபதேசியாரின் மகன் உபதேசியார் ஆனான். நம்பிக்கை உறவுகளைக் காத்தது என்பது எவ்வளவு உண்மையோ, அவ்வளவுக்கு உறவுகள் நம்பிக்கையைக் காத்தன. பெர்த்ராந்து அடிகளார் பழைய குருக்களின் மடல்களைத் திரட்டி 1847 முதல் நான்கு தொகுதிகளாக வெளியிட்டதால் குருக்களின் கதை பிழைத்தது. உபதேசியார்கள் மடல் எழுதவில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிறிஸ்தவ வாழ்வை அறிய விரும்புவோர் ஆவூரோடு நிற்காமல் கந்தர்வகோட்டையை அடுத்த தச்சன்குறிச்சிக்கும் ஒருமுறை போய் வரலாம். அங்கே விண்ணேற்பு அன்னை ஆலயத் திருவிழாவையொட்டிப் புத்தாண்டின் தொடக்கத்தில் ஜல்லிக்கட்டு நடப்பது வழக்கம். தமிழகத்தில் ஆண்டுதோறும் முதலில் வாடிவாசல் திறக்கும் ஊர்களுள் முன்னிற்பது அதுவே. 2014இல் உச்சநீதிமன்றத் தடையால் ஜல்லிக்கட்டு நின்றதும், 2017இல் மெரினா எழுச்சிக்குப் பின் சட்டத்திருத்தத்தால் மீண்டதும் நாம் அறிந்ததே. மாடு கொண்டு வருபவர், பிடிப்பவர், பார்ப்பவர் எவரிடமும் அங்கே யாரும் சமயம் கேட்பதில்லை. மாட்டுக்கும் மனிதனுக்கும் வரும் ஊறு பற்றி எனக்கு ஐயங்கள் உண்டு; அவை இங்கே வேண்டா. மாதாவின் திருவிழா பக்கத்து ஊர்க்காரர்கள் அனைவருக்கும் திருவிழாவாக இருப்பதை மட்டும் சுட்டுகிறேன். மங்கம்மாள் ஆண்ட மண்ணுக்கு இது புதிதன்று.

ஆவூரில் உயிர்ப்புப் பெருவிழாக் காலத்தில் தேர்த்திருவிழா இன்றும் நடக்கிறது. நடந்து வந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் பேருந்திலும் மகிழுந்திலும் வருகிறார்கள். திருச்சியிலும் சென்னையிலும் தொலைநாடுகளிலும் வேலை பார்ப்பவர்கள் விடுப்பு எடுத்து ஊர் திரும்பும் காலம் அது. இதே காலத்தில் தமிழகத்தின் சில பங்குகளில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே குறுக்குச் சுவர் இன்னும் நிற்கிறது. இறந்தவர்களும் சாதி பார்த்தே கிடக்கிறார்கள். அன்று உரோமைக்கு எடுத்துச் செல்லப்பட்ட வழக்கு அந்தச் சுவர்களில் இன்னும் முடியவில்லை. சில பங்குகளில் மக்களே அதை இடித்திருக்கிறார்கள். இடித்த அன்று மாலை அங்கே செபமாலையும் சொல்லியிருக்கிறார்கள்.